காப்பகத்து லைசென்ஸுக்கு வைத்த பொட்டு

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் யூனிட்டில் திங்கட்கிழமை நான் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் ஒன்றரை வயது மகளைப் பகலில் விட ஓர் இடம் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். ஆயுத பூஜை முடிந்த வாரம், ஒரு மத்தியானம், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன்.

நீளமான ஒரே அறை. பச்சை ஜன்னல் துணி வழியாக வந்த வெயிலில், குளத்துக்கு அடியில் நிற்பது போலிருந்தது. மின்விசிறிச் சத்தம், பால் வாசனை, பாய்களில் குட்டிக் குட்டி வயிறுகள் ஏறி இறங்கின. காப்பகம் நடத்துகிற அக்கா என் மகளை வாங்கிக் கடைசிப் பாயில் படுக்கப்போட்டார். முனகக்கூட இல்லை, கள்ளி. எனக்கே ஓரமாகப் படுத்துவிடலாம் போலிருந்தது.

சுவரில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் காப்பகத்தின் லைசென்ஸ், கண்ணாடிச் சட்டத்துக்குள். பூஜைக்கு எங்கள் ஊரில் தறி, தராசு, பைக் எதையும் விடமாட்டோமே. அதற்கும் சந்தனம் குங்குமம் அப்பி மாலை போட்டிருந்தார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்! அப்புறம்தான் உறைத்தது. அடி கூறுகெட்டவளே, கும்பிடவா வந்தாய்?

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன்.

“ஏட்டி, வச்ச பொட்டை அழிக்காத!” என்று அக்கா பதறினார்.

பொட்டுக்கு அடியில், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி என்று இருந்தது. பாய்களை எண்ணினேன். என் மகளோடு இருபது. பின்வாசல் எங்கே என்று கேட்டேன். கடைசிப் பாயை ஒட்டி நின்ற பீரோவைக் காட்டினார். கதவு அதற்குப் பின்னால் இருந்தது.

பஞ்சுக்கும் துணிக்கும் நடுவே பிழைக்கிறவள் நான். எங்கள் யூனிட்டில் வழியில் ஒரு பெட்டி கிடந்தாலே சூப்பர்வைசர் காச்சு மூச்சென்று கத்துவார்.

“தீப்பிடிச்சா உங்களால எம்புட்டுப் பிள்ளையத் தூக்க முடியும்க்கா?”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“ரெண்டு,” என்றார். “வர்றவ எல்லாம் வேலை போயிருமேன்னு அழுதுக்கிட்டு நிக்காளுவ. எப்படிட்டி மாட்டேன்னு சொல்ல?”

மகளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். ஆனால் செருப்பில் கால் நுழைய மாட்டேன் என்றது. மீதிப் பத்தொன்பதும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தன.

மகளை வாசலோரப் பாயில் கிடத்திவிட்டுத் திரும்பிப் போனேன்.

“என் பிள்ளைய இங்க விடலக்கா. பன்னெண்டுக்கு மேல ஆகாதுன்னு மத்த அம்மாமாருட்டயும் நானே சொல்லுதேன். இப்பம் பீரோவை அந்தப் பக்கம் பிடிங்க.”