பூனை தொடாத எலி

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் எங்கள் வீடு. ஆற்றில் தண்ணீர் ஏறினால் எலிகளும் வீட்டுக்குள் ஏறும். அதற்காகவே அம்மா ஒரு சாம்பல் நிறப் பூனையை வளர்த்தாள். வாரத்துக்கு இரண்டு சுண்டெலியாவது பிடித்து வாசலில் போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கும். அம்மா ஒரு மீன் தலை கொடுப்பாள். அந்தத் தைரியத்தில் நாங்கள் பொறியும் வாங்கவில்லை, மருந்தும் வைக்கவில்லை.

அரசு வேலைக்கான தேர்வில் நான் தேறியிருந்தேன். மறுநாள் காலை சான்றிதழ் சரிபார்ப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அசல் சான்றிதழ் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நான் பட்டம் வாங்கியபோது அம்மா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். அது வந்த பெரிய அட்டைப் பெட்டியை எறிய அவளுக்கு மனமில்லை. என் சான்றிதழ்களை அதற்குள் அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டாள். பெட்டியில் நெய் வாசனை போகவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சரிபார்ப்புக்கு முந்தின நாள், பிற்பகல் மூன்று மணி இருக்கும். பரணில் கரகரவென்று சத்தம். பூனை கீழே உட்கார்ந்து மேலேயே பார்த்தது. வால் மட்டும் ஆடியது.

"தூக்கி வுடுடி, வாசன புட்ச்சா ஒரே தாவு தாவும்" என்றாள் அம்மா.

ஸ்டூலில் ஏறிப் பூனையைப் பரணில் விட்டேன். இரண்டு நொடி அமைதி. பிறகு ஒரு சீறல். பூனை என் தோளில் நகம் பதியக் குதித்து, கட்டிலுக்கடியில் ஒடுங்கியது. பரண் விளிம்பில் ஒரு பெருச்சாளியின் முகம் தெரிந்தது. பூனையில் பாதி இருக்கும். அவசரமே இல்லாமல் உள்ளே திரும்பிப் போனது. மறுபடி கரகர.

"இன்னாம்மா உன் பூன இப்டி கீது?"

"சுண்டெலின்னா புடிக்கும். இத்தப் பாத்தா அதுக்கே ஒதறுது. நீ எறங்கு, நான் ஏறிப் பாக்குறேன்."

"எந்தக் காயிதம் எதுன்னு உனக்கு இன்னா தெரியும்?"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா துடைப்பத்தை என்னிடம் நீட்டிவிட்டு ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பரணை அடித்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் அது புகுந்து ஓடியது. பெட்டியில் ஒரு மூலையே இல்லை. பட்டச் சான்றிதழ் முழுசாக இருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பாதி முத்திரை போயிருந்தது.

மறுநாள் சரிபார்ப்பு அதிகாரி அந்தப் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வீட்ல ஒரு பூனை வளர்க்கக் கூடாதாம்மா?"

"பூனை இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. பதிவெண்ணைக் கணினியில் தட்டி, திரையில் வந்த மதிப்பெண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "எப்படி ஆச்சுன்னு எழுதிக் குடுங்க. யாரோட கவனக்குறைவுன்னும் எழுதணும்."

என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் படித்துப் பார்த்து, அதைப் பட்டியலோடு சேர்த்துப் பின் அடித்து, சரிபார்த்ததாகக் குறித்து, அடுத்த மேசையைக் காட்டினார்.