தமிழ்மதி எண்ணிய இருபது பைகள்

ஓடிக் குதிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எப்படி ஏறும்? ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மணிமாறன் இந்தக் கேள்வியோடுதான் வந்தார்.

மணிமாறன் சந்தையில் லாரிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர். மகள் தமிழ்மதி ஒன்றாம் வகுப்பு. அரையாண்டு முடிந்தும் பத்துவரை எண்ண வரவில்லை. வேறு பள்ளியில் சேர்க்க டி.சி. வாங்க வந்திருந்தார்.

"ஏனுங்க டீச்சர், குதிக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? எங்க ஊட்டு ஆட்டுக்குட்டியே நல்லாக் குதிக்குதுங்க."

இஃப்பத் டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. பேகம்பூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர். தரையில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எண் சொல்லிக் குதிக்க வைப்பது அவருடைய யோசனைதான். மற்ற பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். தமிழ்மதி மட்டும் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவாள். அவளை விட்டுக்கொடுக்க டீச்சருக்கு மனசில்லை.

"செத்த நேரம் இருங்கண்ணே. உங்க கண்ணு முன்னாலயே ஒரு தடவ பாத்துருவோம்."

தமிழ்மதி குதித்தாள். "லாபம்!" என்றாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "ஒண்ணுன்னு சொல்லும்மா, விளையாடாத" என்றார் இஃப்பத், வழக்கம்போல. பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

மணிமாறன் சிரிக்கவில்லை. "விளையாடலீங்க டீச்சர். மொதப் பெட்டிய நாங்க ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம்னுதான் ஆரம்பிப்போம். எங்கூடச் சந்தைக்கு வந்து வந்து பழகிருச்சுங்க."

இஃப்பத்துக்குச் சுரீரென்றது. தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண். காய்கறி லாரிப் பக்கம் நின்றதேயில்லை. தெரிந்த பிள்ளையைத் தெரியாதென்று இத்தனை மாதம் வாயடைத்திருக்கிறோமே!

"எல்லாரும் பைய எடுங்க! அண்ணே, நீங்க பெஞ்சு மேல ஏறுங்க. அதான் லாரி!"

பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். பைகள் கைமாறிக் கைமாறி வந்தன. கடைசியில் நின்ற தமிழ்மதி ஒவ்வொன்றாக அப்பாவிடம் தூக்கிக் கொடுத்தாள். "லாபம்! ரெண்டு! மூணு!"

"ஏலே, மெதுவா! தக்காளி நசுங்கும்!" என்று வரிசையில் நின்ற அல் அமீன் பக்கத்துப் பையனை அதட்டினான்.

பத்து தாண்டியது! பன்னிரண்டு, பதின்மூன்று... அடுத்தடுத்துப் பைகள் வந்ததில் மணிமாறனே தடுமாறி, "பதினாறு" என்றார்.

"அப்பா, தப்பு! பதினேழு!" மகள் இடுப்பில் கைவைத்துத் திருத்தினாள். "கவனமா வாங்குங்க!"

இருபதாவது பை ஏறியதும் வகுப்பே கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்துவிட்டார்.

மணிமாறன் பெஞ்சிலிருந்து இறங்கினார். "பரீட்சையில மட்டும் ஒண்ணுன்னு எழுதோணும், சரியா கண்ணு?" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "நாளைக்கும் லோடு உண்டுங்களா?" என்று கேட்டார். டி.சி. பேச்சையே அவர் எடுக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் யாராவது இருந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். அவர் இன்னொரு டீச்சரிடம் சொல்லட்டும்.