வெட்டாமல் விட்ட பாதி மலை

கலகெதரப் பக்கம் கல்லுடைக்கும் மலை ஒன்று, கல்லை நொறுக்கும் இயந்திரம், அதை ஏற்றி இறக்க லொறிகள், கண்டியில் மாடி வீடு. இவ்வளவையும் ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, கையெழுத்துப் போடும் அளவுக்கு மட்டுமே படித்த நான் உண்டாக்கினேன். கலவரத்தில் என் லொறிகளை எரித்தார்கள், மறுபடி வாங்கினேன். பல்லேகலயில் எழுந்த கட்டடங்கள் எத்தனையோ என் கல்லில்தான் நிற்கின்றன. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் முதலில் தெரிவது, ஒரு பாடசாலை மேசைமேல் விளிம்பு வரை தண்ணீர் நிறைந்து நின்ற கண்ணாடிக் கிளாஸ்.

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். என் மலை முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்திருந்த அரச மலை குத்தகைக்குக் கிடைத்தால் தொழில் நிலைக்கும். இல்லாவிட்டால் என்னை நம்பி வந்த லயத்துக் குடும்பங்களோடு நானும் தெருவில்தான். அரச காணியைக் கொடுக்கும் முன் அதிகாரி ஊருக்குள் வந்து எல்லோர் முன்னிலையிலும் விசாரிப்பார். காணிக் கச்சேரி என்போம். அன்றைக்குப் பாடசாலை மண்டபத்தில் அதை நடத்த வந்த காணி ஐயா யாழ்ப்பாணத்தவர். கேட்பவன் தமிழன், கொடுப்பவரும் தமிழர், சுற்றிலும் முழுச் சிங்கள ஊர். ஐயா என் முகத்தையே பார்க்காமல் சிங்களத்தில், "சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பாடசாலை அதிபர் எழுந்து, முதலாளியின் வெடியில் எங்கள் சுவர் பிளக்கிறது என்றார். பின்வரிசை வாங்கில் இருந்து, "சுவர் மட்டுமா? ரெண்டு தமிழரும் சேர்ந்து ஊரையே பிளப்பார்கள்!" என்று ஒருவன் கத்தினான். நான் விடுகிற ஆளா? "பகல் வெடி விழுகிற நேரம் இது. ஐயா மேசையில் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் வையுங்கள். ஒரு சொட்டு சிந்தினாலும் எனக்கு மலை வேண்டாம்" என்றேன். எனக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடுதான். ஐயா கூஜாவை எடுத்துத் தானே ஊற்றினார். கை நடுங்கியது. தமிழனுக்குச் சாதகம் என்று பேர் வந்துவிடுமே என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

தூரத்தில் எங்கள் கங்காணியின் ஊதல் கேட்டது. பிறகு வெடி. ஜன்னல்கள் கடகடத்தன. தண்ணீர் வட்டம் போட்டு ஆடியது, சிந்தவில்லை. "பார்த்தீர்களா!" என்று நிமிர்ந்தால் கதிரை காலி. காணி ஐயா மேசைக்கடியில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார். மேலே கிளாஸ் அசையாமல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அதிபர்தான் குனிந்து அவரைத் தூக்கி, சட்டை மண்ணைத் தட்டிவிட்டு, பக்கத்து வகுப்பின் கதவைத் திறந்து காட்டினார். அத்தனை பிள்ளைகளும் மேசைகளுக்கடியில். "தினமும் இப்படித்தான்" என்றார்.

தீர்ப்பை அங்கேயே சொன்னார் ஐயா. பாடசாலையைப் பார்த்த பாதி மலை அரசிடமே இருக்கும், மறுபாதி மட்டும் எனக்கு. வாசலில் மறித்தேன்.

"ஐயா, ஒரு சொட்டு சிந்துச்சா? ஞாயமா இது?"

அப்போதுதான் முதல்முறையாக என்னோடு தமிழில் பேசினார். "தண்ணி சிந்தேல்லைத்தான், முதலாளி. நான் எங்க கிடந்தனான் எண்டும் பாத்தனீங்கள்தானே? ஊரில எங்கட வீட்டுக்கு மேல ஷெல் விழுந்த நாளில இருந்து இப்பிடித்தான். இந்தப் பிள்ளையளுக்கும் அது வேணுமோ?"

அடுத்த வாரமே கண்டித் தரகர் ஒருவர், தானே எழுதிய மனுவோடு என்னிடம் வந்துவிட்டார். "அந்த யாழ்ப்பாணத்தாருக்குப் புத்தி பேதலிச்சிருச்சு, எதுக்கு அவரு வெடிக்கு அப்படிப் பயப்படணும், விசாரிக்கணும்னு எழுதியிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும், முழு மலையும் ஒங்களுக்குத்தான்." அந்த நாளில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் மேல் அப்படி ஒரு மனு போனால் புலி என்று பிடித்துப் போவார்கள்; வேலையோடு நிற்காது, ஆளே வீடு திரும்பமாட்டார். எனக்கு அந்த மலை வேண்டும். ராத்தூக்கம் இல்லாமல் ஆசைப்பட்ட மலை. ஆனாலும், "கல்ல ஒடச்சுத்தான் பொழைக்கிறேன். மனுசன் தலைய ஒடச்சு இல்ல. எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து என் கையெழுத்து. அதை அந்தத் தாளில் வைக்கவில்லை.

பாதி மலையிலேயே எழுந்து காட்டினேன். காணி ஐயா மாற்றலாகிப் போனார்; பிறகு பார்க்கவில்லை. போன மாதம் அந்த மிச்ச மலையடியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். மேடையில் எனக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார்கள். குடிக்க மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்வெட்டில் வரிசையாகப் பெயர்கள், பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த மலையை வெட்டாமல் காத்தவர் பெயர் இல்லை. வெட்டாமல் விட்டவன் பெயரும் இல்லை. திடல் சங்கத்தாருக்குச் சொல்கிறேன்: காணி ஐயாவின் பெயரை முதலில் போடுங்கள், அடுத்த வரியில் என் பெயர் வரவேண்டும். இடமில்லை என்று சொல்லாதீர்கள். புதுக் கல் என் பாதி மலையிலிருந்து நானே தருகிறேன்.