கரடிக்கு முளைத்த பல்

அச்சுக்கு வரும் படத்தின் பிலிமை விளக்குப் பெட்டியின் மேல் விரித்ததும் கந்தவேல் தேடுவது பிழையைத்தான். கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறது, புள்ளி எங்கே குறைகிறது என்று மூக்கு உரசுமளவு குனிந்து பார்ப்பார். கண்ணில் பட்டால் போதும், நாலே மயிருள்ள தூரிகையை மையில் தொட்டு அடைத்துவிடுவார். யாரையும் கேட்கிற வழக்கமில்லை. "கொறையோட ஒரு படம் என் கையத் தாண்டிப் போவாதுங்க" என்பார்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பனியன் துணிக்கு அச்சடிக்கும் பட்டறையில், சாயம் இறங்கும் வலைச்சட்டமான ஸ்கிரீனைத் தயார் செய்வது அவர் வேலை. பதினோரு வருடத்தில் அவர் ஸ்கிரீனால் ஒரு துண்டுகூடத் திரும்பி வந்ததில்லை. அதை அவரே வாரத்துக்கு இரண்டு தடவை ஞாபகப்படுத்துவார்.

வருகிற ஆர்டரில் பாதி அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் சின்னங்கள். கரடி, ஓநாய், கழுகு. அவர்கள் ஆடும் ஆட்டத்தை அவர் பார்த்ததே கிடையாது. படத்தில் பந்தைப் பார்த்துவிட்டு, "பந்துனா உருண்டையா இருக்கோணுமுங்க. இதென்னங்க மாங்கொட்டையாட்ட?" என்று வருத்தப்பட்டார். ஆனால் பகை தெரியும். நீலக் கரடியும் சிவப்பு ஓநாயும் எழுபது வருட எதிரிகள் என்று கேள்விப்பட்டதிலிருந்து இரண்டையும் ஒரே மேசையில் அடிக்க விடுவதில்லை. சாயம் ஒட்டிக்கொள்ளும் என்பது வெளியே சொல்கிற காரணம். மனிதர் கரடிக் கட்சி.

2007 நவம்பரில் இரண்டுக்கும் ஆட்டம். கரடி பனியன் இரண்டாயிரம் வேண்டுமென்று ஆர்டர் வந்தது. பிலிமில் கரடியின் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. கந்தவேலுக்குப் பொறுக்கவில்லை. அரைமணி நேரம் மெனக்கெட்டு ஒரு பல் வைத்தார். நல்ல பல்தான், பக்கத்துப் பற்களைவிட நேராக இருந்தது.

இரண்டாயிரம் முன்பக்கத் துண்டுகளும் அச்சாகிக் காய்ந்தபின், ஏற்றுமதிக் கம்பெனியில் அந்த ஆர்டரைக் கவனிக்கும் சித்ராதேவி, அமெரிக்காவில் சரக்கு வாங்குகிற பையர் அனுப்பிய மாதிரியோடு வந்தாள்.

"அண்ணா, இந்தப் பல்லு எங்கிருந்து வந்துச்சுங்க?"

"உட்டுப்போயிருந்துச்சுங்க அம்மணி. நாந்தான் வெச்சேன்."

"அய்யோ, ஓநாய்க்காரங்களோட ஆடுனப்ப ஒடஞ்ச பல்லுன்னு கத சொல்லுவாங்கண்ணா. அதுதான் அவிங்களுக்குப் பெருமையே. பல்லு இருந்தா பையர் ஒரு பீஸ் எடுக்க மாட்டாருங்க."

பட்டறை முதலாளி பொங்கியண்ணனுக்குத் திட்டத் தெரியாது. "கந்தவேலு, உங்களப் போகச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க. வெள்ளிக்கெழம துண்டு தையலுக்குப் போயாகோணும். போகலீனா நீங்களே யோசிச்சுக்கங்க" என்றார்.

கரடியின் வாய் கறுப்பு. பல்லின் மேல் கறுப்பு அடித்தால் பல் மறையும். ஒரே ஒரு பல்லளவு திறப்புடன் ஸ்கிரீன் செய்துகொண்டு, துண்டு துண்டாக மேசையில் பொருத்தினார். இம்மி நகர்ந்தாலும் உதடு கெட்டுவிடும் என்பதால் வேறு யாரையும் தொடவிடவில்லை. மூன்று நாள் குனிந்தே கிடந்தார். "சித்த பொறுத்துக்க கண்ணு" என்று கரடியிடம் சொல்வது பக்கத்து மேசைவரை கேட்டது. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். தான் வைத்த பல்லைத் தானே பிடுங்குவது அவருக்கு நிஜமாகவே வலித்தது.

வெள்ளி மதியம் கட்டுகள் வண்டியேறின. சித்ராதேவி எல்லாவற்றையும் பார்த்துச் சரியென்றாள். மேசையில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். தோள்பக்கம் துணியில் ஓட்டை விழுந்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியது. கழிவில் போவதென்பதால் அதன் பல்லை யாரும் பிடுங்கவில்லை.

"இத நான் எடுத்துக்கட்டுங்களா அம்மணி?"

"அது ஓட்டைங்கண்ணா."

கந்தவேல் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். கரடி உள்பக்கம் வரும்படி துண்டை நான்காக மடித்து, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தார்.