இன்னொரு பார்ட்டி

எங்கள் தொழிலில் வீடு வாங்க வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. எல்லாரும் பார்ட்டிதான். காலையில் பெரம்பலூரில் ஒரு பார்ட்டி, மதியம் அரியலூரில் ஒரு பார்ட்டி என்று இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பைக்கில் போய் வந்துகொண்டிருக்கிறேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே போய் என் சட்டைகளுக்கெல்லாம் ஒரே நிறம் வந்துவிட்டது.

எனக்குப் பேசப் பிடிக்கும். அதைவிட மற்றவர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். காலி வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர்கள் பேசுகிற மாதிரி வேறெங்கும் பேசுவதில்லை. மகனுக்கு வீடு பார்க்க விக்கிரமங்கலத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், குளியலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ எடத்துல எங்கூருல ஒரு கல்யாணத்தையே முடிச்சிருவோம்" என்றார். தா.பழூர்க்காரர் ஒருவர் மாடிப்படிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "இதுல ஏறி என்னத்தப் பாக்கப் போறோம்? எதுத்த வூட்டு மாடியத்தான்" என்றார். இதையெல்லாம் வீட்டுக்குப் போனதும் சொல்லிச் சிரிக்க என் மனைவி இருந்தாள். சமையல் மேடை எட்டாமல், பலகை போட்டு அதன்மேல் நின்று சமைத்தவள். நான் சொல்வதைக் கேட்டுக் கரண்டியோடு திரும்பிச் சிரிப்பாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இன்னொரு பார்ட்டியைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். வாங்க வந்தவர் தயங்கி நிற்கும்போது, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "இன்னொரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க, அவங்களுக்கும் புடிச்சிருக்கு" என்று சொல்வது எங்கள் வழக்கம். பத்திர ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் உட்காரும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு பார்ட்டி உண்டு. ஒருவருடையது துபாயிலிருந்து லீவில் வந்தவர். இன்னொருவருடையது டாக்டர். அப்படி யாரும் இருக்க மாட்டார்கள் என்று வாங்குகிறவர்களுக்கும் பாதி தெரியும். தெரிந்தாலும் அன்றிரவு தூங்க மாட்டார்கள்.

என்னுடையது ஒரு குடும்பம். கணவனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. ரெட்டிபாளையம் போய் வரத் தோதாக வீடு தேடுகிறான். மனைவி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையல் மேடையின் உயரத்தைத்தான் பார்ப்பாள். ஒரே பெண். ஆரம்பத்தில் இவ்வளவும் இல்லை. "யாருங்க அந்தப் பார்ட்டி?" என்று ஆட்கள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண் நாலாவது படிக்கிறாள் என்று முதலில் சொன்னேன். ஜூன் மாதம் வந்ததும் ஐந்தாவது என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வகுப்பு ஏற்றிவிட்டேன். காலி வீடுகளுக்குத் தனியாகப் போய் ஜன்னல்களைத் திறந்துவிடும்போது, இந்த அறையைத்தான் அவள் கேட்பாள் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன மாசியில் ஒரு டீச்சர் வந்தார். நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். இங்கே பள்ளியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் அவருமாக ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது.

"எங்கம்மா மண்ணுல கால் வச்சு எட்டு மாசம் ஆவுது சார். ஆஸ்பத்திரிக்குப் போவணும்னாகூட நாலு பேரு நாற்காலியோட தூக்கித்தான் எறக்குறாங்க. எனக்கு மார்பிள் வேணாம், டைல்ஸ் வேணாம். படி இல்லாத வீடா காட்டுங்க."

அரியலூரில் அது லேசில்லை. ரோடு உயர உயர, எல்லாரும் மழைத்தண்ணீருக்குப் பயந்து வீட்டைத் தூக்கிக் கட்டுகிறார்கள். ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது. ரயில் நிலையத்துக்கு அப்பால், வரதராஜன்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கட்டிய பழைய வீடு. அவர் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். சாவி என்னிடம் இருந்தது. நிலைக்கு மேலே சிலுவை, கீழே தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரமே உள்ள வாசற்படி.

டீச்சர் அறைகளை அதிகம் பார்க்கவில்லை. கொல்லைக்குப் போய் மண்ணைத்தான் பார்த்தார். குனிந்து எதையோ எடுத்தார். கல்லாகிப்போன கிளிஞ்சல்.

"இங்க ஏது சார் இது?"

"ஒரு காலத்துல இதெல்லாம் கடலுங்க டீச்சர். எங்க கெணறு வெட்டுனாலும் இதான் வரும்."

"கடலு நமக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருச்சுன்னு அம்மாகிட்ட சொல்றேன்" என்று அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

வாங்கப்போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் கை தன்பாட்டுக்குச் சாவியை உருட்டியது.

"இன்னொரு பார்ட்டியும் பாத்துருக்காங்க டீச்சர். சிமெண்ட் ஆலையில வேலை. ஒரே பொண்ணு."

"என்ன படிக்குது?"

"ஏழாவதுங்க."

"அதுக்குப் புடிச்சிருந்துச்சா?"

"அந்தப் பின்பக்க ரூமைத்தான் கேட்டுச்சு. ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுருச்சு."

அன்று காலை ஜன்னலைத் திறந்தபோது நினைத்ததை அப்படியே சொல்லிவிட்டேன். டீச்சர் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"அந்த வீட்ட அவங்களுக்கே குடுத்துருங்க சார். முதல்ல பாத்தவங்க அவங்க. ஆசப்பட்ட புள்ளைகிட்டேருந்து புடுங்குற மாதிரி இருக்கு. தெனம் நாப்பது புள்ளைங்க மூஞ்சியில முழிக்கிறேன், என்னால முடியாது. எங்களுக்கு வேற பாருங்க."

இருபத்திரண்டு வருடத்தில் இன்னொரு பார்ட்டி என்றதும் எல்லாரும் முந்திக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். யாரும் வழிவிட்டதில்லை.

"அவங்க வேற எடம் பாத்துட்டாங்க டீச்சர்" என்றேன்.

"நான் கேக்குறேன்னு அவங்களத் தள்ளிவிடுறீங்க. அந்த அப்பா நம்பரக் குடுங்க, நானே ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

தேடி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். டீக்கடையில், துபாய்க்காரரை இன்னொரு பார்ட்டியாக வைத்திருப்பவரிடம் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என் நம்பரக் குடுய்யா. நான்தான் அப்பன், எங்களுக்கு அந்த வூடு வேணாம்னுடறேன். பொண்ணு பேரு மட்டும் சொல்லு, கேட்டா முழிக்கக் கூடாதுல்ல."

அவளுக்குப் பெயர் இருந்தது. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவந்தேன்.

அதற்குள் வேறு நான்கு வீடுகளை டீச்சருக்குக் காட்டியாயிற்று. எல்லாவற்றிலும் படி. நான்காவது வீட்டின் வாசலில் நின்று அவர் படிகளைப் பார்த்தாரே தவிர உள்ளே வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மாடி ஏறினேன். பதினெட்டுப் படி. அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மடியில் அந்தக் கிளிஞ்சல்.

"அப்படி ஒரு குடும்பமே இல்லீங்க டீச்சர்" என்றேன். "தொழில்ல சொல்ற பேச்சு. நான்தான் சொல்லிச் சொல்லிப் பெருசாக்கிட்டேன்."

டீச்சர் கையிலிருந்த பள்ளி நோட்டை மூடி மேசையில் வைத்தார்.

"நாலு நாளு அந்தப் பொண்ணுக்காக என் மனச நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன் சார். அப்ப பத்திரம்? அதுவும் இதே மாதிரிதானா?"

"பத்திரம் சுத்தமுங்க."

"அத நீங்க சொல்றீங்க."

ஜன்னல் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏன் தம்பி, அந்தப் புள்ள எத்தன வருசமா இருக்கு?"

"நாலாவதுலேர்ந்துங்கம்மா."

"ஒரு வருசங்கூட பெயில் ஆக்கலையா?"

"இல்லீங்கம்மா."

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் டீச்சர்.

மேசையில் கிடந்த பள்ளி நோட்டின் ஓரத்தைக் கிழித்துக் கோயம்புத்தூர் வாத்தியாரின் நம்பரை எழுதி வைத்தேன். வீட்டுக்காரர் நம்பரைப் பார்ட்டியின் கையில் எங்களில் எவனும் கொடுக்க மாட்டான். கொடுத்த நிமிஷமே நடுவில் நமக்கு வேலை இல்லை. "நேரா அவர்கிட்டயே பேசுங்க. வில்லங்கமும் நீங்களே போட்டுப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான்.

அவர்களே பேசினார்கள், அவர்களே பத்திரம் முடித்தார்கள். சாவியைக் கொடுத்துவிடச் சொல்லி வாத்தியார் எனக்கு போன் செய்தபோது ஜூன் பிறந்திருந்தது. கொண்டுபோனேன். ஆட்டோவிலிருந்து அம்மாவை டீச்சரும் இரண்டு பையன்களுமாக இறக்கினார்கள். உள்ளே கூட்டிப்போகப் பார்த்தவர்களிடம், "கொல்லைக்குப் போங்கடா" என்றார். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை மண்ணில் வைத்தார். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். "சுடுதுடி" என்றார். ஆனால் எடுக்கவில்லை.

நான் வேலி ஓரம் நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, எட்டாவது போயிட்டாளா?"

கேலியாகத்தான் கேட்டார். நான் அந்த ஜூனில் யாரிடமும் அவளைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. ஒன்றிரண்டு பேர், "வேற யாராச்சும் பாத்துருக்காங்களா?" என்று கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னேன்.

"இல்லீங்கம்மா. ஏழாவதோட நின்னுட்டா."

அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "உள்ள வா. ரெண்டு வாய் சாப்டுட்டுப் போ" என்றார்.

"பெரம்பலூர்ல ஒரு பார்ட்டி காத்திருக்காங்கம்மா" என்று சொல்லி, சாவியை டீச்சரிடம் நீட்டினேன்.

டீச்சர் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. நான் பைக்கை எடுத்தேன். ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முந்துவதற்கு வழி இருந்தது, அவசரம்தான் இல்லை. பெரம்பலூர் வரை அதன் பின்னாலேயே போனேன்.