வெர்னா அம்மையாரின் வலக்கை

கிளப் சாப்பாட்டு அறையில், பாஸ்தாவுக்குள் பதுங்கியிருந்த பசலைக்கீரையை முள்கரண்டியால் பிடித்துப் பிடித்து, பக்கத்திலிருந்த கணவர் ஆர்லோவின் தட்டுக்கு நாடுகடத்திக்கொண்டிருந்தார் வெர்னா ஹால்வர்சன் அம்மையார். இதயத்தில் உலோக வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தபோது டாக்டர் சொன்னது, "கீரை விஷயத்துல கவனம், மாத்திரையோட வேகத்த அது குறைச்சிடும்." அன்றிலிருந்து பச்சையாக எது வந்தாலும் அது ஆர்லோவின் பாக்கியம்.

பனித்தரையில் ஒரு கனத்த கல்லைத் தள்ளிவிட்டு, அது போகும் வழியெல்லாம் அதைத் திட்டுவதுதான் வட மினசோட்டாவில் எங்கள் பொழுதுபோக்கு. கர்லிங் என்று பெயர். கிளப்பில் அம்மையார்தான் கேப்டன். மண்டியிட்டு, கல்லோடு கல்லாக வழுக்கிப் போய்த்தான் அதை விடுவார். முழங்கால் கெட்டவர்கள் நின்றபடியே நீளக் குச்சியால் தள்ளலாம். சட்டம் இடம் கொடுக்கிறது, அம்மையார் கொடுப்பதில்லை. "ஒட்டடை அடிக்கணும்னா எங்க வீட்டுக்கு வா கோர்டி. சிலந்தியெல்லாம் காத்துக்கிட்டிருக்கு!" கோர்டி அவருடைய அணியிலேயே குச்சிக்காரர்.

இந்த வாரம் எலும்புப் பரிசோதனை முடிவு வந்தது.

"இடுப்பெலும்பு முட்டை ஓடாட்டம் இருக்கும்மா. வயசு ஒரு காரணம். அந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம்."

"அப்ப மாத்திரைய விட்டுடறேன்."

"விட்டா வால்வுல ரத்தம் கட்டிக்கும்."

"கீரையத்தான் அன்னிக்கே விட்டுட்டேனே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தினம் ஒரே அளவா சாப்பிடுங்கன்னுதானே சொன்னேன்? விடச் சொன்னது யாரு? எலும்புக்கு அதுவும் வேணுமே!"

"அப்ப நான் இத்தனை வருஷமா தின்னது?" என்று கேட்டார் ஆர்லோ. டாக்டர் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ரத்தம் பார்த்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீரையைச் சேர்க்க வேண்டுமாம். ஆனால் ஆட்டம் இன்று, சனிக்கிழமை. விழுந்தால் இடுப்பு உடையும். உடைந்தால் ரத்தம் லேசில் நிற்காது. நிறுத்த மருந்து கொடுத்தால் வால்வு கோபித்துக்கொள்ளும்.

"உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன் வெர்னா, இன்னிக்கு வேணாம்" என்றார் ஆர்லோ.

"நான் எப்பய்யா விழுந்திருக்கேன்?"

"எலும்புன்னா பொறுக்கிக்கலாம். ரத்தத்த எதால பொறுக்கறது?"

அம்மையார் பனியில் இறங்கிவிட்டார்.

சாப்பாட்டு அறையின் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் ஆர்லோ கீரைத் தட்டோடு நின்றார். கீழே வைக்கத் தோன்றவில்லை. அம்மையார் காலை ஊன்றினார், கல்லின் பிடியைப் பற்றினார், குனிந்தார். முழங்கால் பாதி வழியில் நின்றது. இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கோர்டி, என்ன நினைத்தாரோ, தம் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அம்மையார் மெல்ல நிமிர்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டடை என்ற சொல் கோர்டியின் நுனிநாக்கு வரை வந்து, அங்கேயே நின்றது.

எதிரே கல் போய்ச் சேரவேண்டிய வட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, வலக்கையைப் பின்னால் கோர்டி பக்கம் நீட்டி, விரல்களை மடக்கி விரித்தார் அம்மையார்.