தேக்கும் ஆற்றுக்கல்லும் பதித்த கணப்படுப்பு

கொத்துவேலையில் சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். கணப்படுப்பில் பொருள் தவறினால் வீடே மிஞ்சாது. என்னைப் போல வீட்டுக்காரரிடம் சிக்கிச் சீரழிந்த கொத்தனார் பெருமக்களே, எழுபதுகளில் போடிமெட்டு ஏலத்தோட்ட முதலாளி ஒருவர் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள். அவருடைய மகள் கைக்குழந்தையுடன் மலைக்கு வரவிருந்தாள். தாயும் சேயும் படுக்கும் அறைக்குக் குளிர்காயக் கணப்படுப்பு கட்டவேண்டும்.

தேக்குச் சட்டம்

அடுப்பு வாயை ஒட்டியே தேக்குச் சட்டம் பதிக்கச் சொன்னார் முதலாளி. வாயைச் சுற்றி ஒரு முழத்துக்கு மரமே கூடாது, தீச்செங்கல்லும் களிமண் சாந்தும்தான் என்று எடுத்துரைத்தேன். நான் பள்ளியில் படித்தவனல்லன்; தீய்ந்துபோன வீடுகளைப் பார்த்துப் படித்தவன். அவரோ என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏய்யா, தேக்குல கரையானே ஏறாது. தீ எப்பிடிய்யா ஏறும்?"

ஆற்றுக்கல்

சட்டத்தை ஒருவழியாகத் தள்ளி வைத்தேன். மறுவாரமே முதலாளியின் மைத்துனர் லோயர் கேம்ப் ஆற்றங்கரையிலிருந்து ஜீப் நிறைய வழவழப்பான ஆற்றுக்கற்களைக் கொண்டுவந்து இறக்கினார். அடுப்பு வாயைச் சுற்றிப் பதித்தால் அழகாம்! ஈரம் குடித்த கல் சூட்டில் வெடித்துச் சிதறும் என்று தொண்டை வறளக் கத்தினேன். பயனில்லை. தீச்செங்கல் வாங்க நான் மதுரைக்குப் புறப்பட்டதும் வேறோர் ஆளை வைத்துப் பதிக்க முதலாளி ஏற்பாடு செய்துவிட்டார். நான் கத்தியபோது மைத்துனர் சொன்ன பதில் இதுதான்:

"காலமெல்லாம் தண்ணிக்குள்ள கெடந்த கல்லு மேஸ்திரி. உள்ள குளுகுளுன்னுல இருக்கும்!"

முதல் தீ

நான் திரும்பியபோது மகள் வந்திருந்தாள், தீயும் மூட்டியிருந்தார்கள். அடுப்புக்கு எதிரே தொட்டில். நல்ல வேளை, பாலூட்டுவதற்காகக் குழந்தையைத் தாய் அப்போதுதான் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருந்தாள். அணையுங்கள் என்று நான் வாய் திறக்குமுன் வேட்டுப் போட்டாற்போல ஒரு சத்தம். கல் பிளந்து, ஒரு சில்லு தொட்டில் துணியைக் கிழித்துக்கொண்டு எதிர்ச்சுவரில் மோதி விழுந்தது. ஓடிவந்த மகள் கிழிந்த துணியைக் கையில் எடுத்துத் தகப்பனார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அழகு பாத்தது போதும்ப்பா. மேஸ்திரி படிச்சுப் படிச்சுச் சொன்னாகளாம்ல? அவுக சொல்றபடி கட்டாம இந்த ரூமுக்குள்ள புள்ளையோட கால் வைக்க மாட்டேன்."

சம்பந்தி வருகை

அத்தனை கல்லையும் பெயர்த்தெறிந்து, தீச்செங்கல் அடுக்கிக் கட்டினேன். பெயர் சூட்டு விழாவுக்கு உத்தமபாளையத்திலிருந்து சம்பந்தி வந்தார், அடுப்பை மெச்சினார். நான் பக்கத்தில் நிற்கையிலேயே முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார்.

"பயர் பிரிக்குதான் வைக்கணும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சம்பந்தி. இந்த மேஸ்திரிதான் ஆத்துக்கல்லுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

தீயைத் தாங்கும் செங்கல்லைச் சூளையில் வாங்கிவிடலாம், இத்தகைய பேச்சைத் தாங்கும் நெஞ்சை எந்தச் சூளையிலும் சுட்டுத் தருவதில்லை.